இரக்கம் என்று எழுதியது

என் அண்ணன் மகள் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையாகப் பள்ளி இதழ்க் குழுவில் சேரப்போவதாக அவள் சொன்னதும் அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வலைப்பந்து என்றால் உடலுக்கு நல்லது, சீருடைக் குழு என்றால் கட்டொழுங்கு வரும், இதில் என்ன வரும் என்று கேட்டார். "தன்னம்பிக்கை வரும்" என்றேன். "எல்லா நடவடிக்கைக்கும் இதையேதான் சொல்கிறார்கள்" என்று சிரித்தார். சொல்லி முடித்தபோது எனக்கே அந்தப் பதில் வெறும் சொல்லாகத்தான் பட்டது. எனக்கு அது எப்படி வந்தது என்பதை ஒழுங்காக எழுதிப் பார்த்தால்தான் விளங்கும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

1998இல் நான் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழ் படித்தவர்கள் எழுபது பேர் இருந்தால் அதிகம். தாய்மொழிப் பாடத்துக்கு மணி அடித்ததும் சீனம் படிக்கும் தோழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, எங்கள் வகுப்பிலிருந்து நாங்கள் மூன்று பேர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்குப் போவோம். வறுத்த மீ ஹூன் வாசனை வரும் அந்த அறையில்தான் நான் தமிழ் படித்தேன். நான் எவ்வளவு கூச்சம் உடையவள் என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். அந்த ஆண்டு எங்கள் வகுப்பாசிரியர் என் பெயரைத் தவறாக உச்சரித்தார். முதல் நாளே திருத்தியிருக்கலாம். ஓர் ஆண்டு முழுவதும், ஒவ்வொரு காலையும், அந்தத் தவறான பெயருக்கே நான் 'பிரசன்ட்' சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தமிழாசிரியரை எல்லாரும் 'ஐயா' என்றே அழைத்தோம். தமிழ் மாணவர்களுக்காக ஆண்டுக்கு நான்கு முறை அவர் ஒரு சிற்றிதழ் நடத்தினார். அதன் பெயரைச் சொன்னால் பள்ளி தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஒருநாள் என் கட்டுரைப் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, "கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, இதழ் வேலைக்கு வாம்மா" என்றார். மறுக்கத் தைரியம் இல்லாததால் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே கையெழுத்துக்கு வேலையே இல்லை. எல்லாம் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டியவை. ஐயாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

இதழ் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஏ3 தாள் இரண்டு, நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம், மடிப்பில் இரண்டு ஸ்டேப்பிள். பள்ளி அலுவலகத்தில் இருந்த படியெடுக்கும் இயந்திரத்தில் நூற்றைம்பது படிகள் எடுப்போம். ஆனால் அந்த இரண்டு தாளுக்குள் எனக்கு ஓர் உலகமே இருந்தது. பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். ஒரு கட்டுரை வரவில்லை என்பதற்காக ஏழு பக்கத்தில் இதழை முடிக்க முடியாது. வெளித்தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் பக்கங்கள் எட்டும் ஒன்றும், மறுமுகத்தில் இரண்டும் ஏழும். எப்போது கூட்டினாலும் ஒன்பது வர வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழைய தேர்வுத்தாளை மடித்து, பென்சிலால் எண் போட்டு, பிரித்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். அடுத்த வாரம் உயர்நிலை நான்கில் படித்த அக்கா ஒருவர் பக்கங்களை மாற்றி அடுக்கியபோது, "அக்கா, ஒன்பது வரவில்லை" என்றேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, பேசாமல் பக்கத்தை மாற்றி வைத்தார். அந்தப் பள்ளியில் நான் ஒருவரைத் திருத்தியது அதுதான் முதல் முறை. என் கருத்தைச் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்பார்கள், நானும் பின்வாங்கியிருப்பேன். கணக்கு என்பதால் இருவருக்கும் சங்கடம் இல்லை.

பிறகு எழுத்துகளுக்கு வந்தேன். மற்றவர்கள் கையால் எழுதித் தந்ததைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. ஒருவர் எழுதியதை எழுத்து எழுத்தாக விரலால் கடந்து போகும்போது, படிக்கும்போது தெரியாத பலவும் தெரிகின்றன. பரிசு வாங்கிய மாணவர்களும் ஒற்று விடுகிறார்கள் என்பது தெரிந்தது. 'அதைச் சொன்னான்' என்பதில் ச் வேண்டும், 'அது சொன்னது' என்பதில் வேண்டாம் என்பதைப் பாடநூலில் இருமுறை படித்தும் மறந்தவள், மூன்று இதழ்களுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். இன்னொன்றும் தெரிந்தது: எங்கள் எல்லாருடைய கட்டுரையிலும் ஒரே சூரியன்தான் உதித்துக்கொண்டிருந்தது. தொடக்கநிலையில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அழகுத் தொடர்கள் அவை. கதிரவன் தன் செங்கதிர்களைப் பரப்புவான், பறவைகள் கீச்சிடும், அதன் பிறகே கட்டுரையில் ஏதாவது நடக்கும். ஓர் இதழில் ஐந்து கட்டுரைகளில் மூன்று அப்படித் தொடங்கியதைக் கண்டு, அந்த முதல் பத்திகளை நீக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "என்னிடம் ஏன் கேட்கிறாய்? எழுதியவர்களிடம் கேள்" என்றார்.

எழுதியவர்களில் ஒருவர் மாணவர் தலைவர். அவரிடம் போய் உங்கள் கதிரவன் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, ஈசூன் வீட்டின் மின்தூக்கியில் தனியாகப் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் கேட்டுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. கோபித்துக்கொண்டார், இரண்டு நாள் கழித்துத் தம் கட்டுரையைத் தாமே சுருக்கித் தந்தார், அது நன்றாக இருந்தது. ஒருவர் என்மேல் கோபமாக இருக்கும்போதும் மறுநாள் பள்ளிக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

2000ஆம் ஆண்டு இறுதியில் ஐயா ஓய்வு பெறுவதாக இருந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு சிறப்பிதழ் கொண்டுவர முடிவு செய்தோம். புதிதாக வந்திருந்த தமிழாசிரியை பள்ளியிடம் பேசி, அச்சகத்தில் முந்நூறு படிகள் அடிக்கப் பணம் வாங்கித் தந்தார். நான் அப்போது உயர்நிலை மூன்று. பக்கப் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்துத் தமிழ்க் கணினியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுபவர்களுக்கு இது பழங்கதை. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஆகியவை நாங்கள் அறிந்திருந்த தமிழ் மென்பொருள்கள். தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு 1997இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. 1999இல் சென்னை மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். ஆனாலும் எங்கள் பள்ளிக் கணினியில் ஒவ்வோர் எழுத்துருவும் தன்போக்கில்தான் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழ் போய் ஆங்கில எழுத்தும் பவுண்டுக் குறியும் புள்ளிகளும் கலந்த குப்பை வந்து நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடில் தமிழைக் காட்டக்கூடிய விண்டோஸ் 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. எங்களிடம் வந்து சேர இன்னும் காலம் இருந்தது.

பிராஸ் பசா பக்கம் இருந்த அந்த அச்சகத்திலிருந்து வந்த பார்வைப் படியில் ஐயாவின் படத்தைச் சுற்றி எட்டுப் பக்கக் குப்பை இருந்தது. அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. அது தமிழ் அல்ல என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது. ஆசிரியை அன்று பள்ளி முகாமுக்குப் போயிருந்தார். யாராவது தொலைபேசியில் பேசியே ஆக வேண்டும், இருந்தது நான் மட்டும். பள்ளி அலுவலகத்துக்கு வெளியே இருந்த காசுத் தொலைபேசியில் பத்துக் காசைப் போட்டுவிட்டு, மறுமுனையில் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். இரண்டாவது காசையும் அப்படியே இழந்தேன். பணம் போகிறதே என்ற கவலையில்தான் மூன்றாம் முறை பேசினேன் என்று நினைக்கிறேன். பேசியவர் வயதான சீனர். என் ஆங்கிலம் அவருக்கும் அவருடைய ஆங்கிலம் எனக்கும் பாதிதான் புரிந்தது. எழுத்துகளை எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்பினால் அவருடைய கணினிக்கு எழுத்துரு தேவைப்படாது என்ற முடிவுக்கு இருவருமாக வந்தோம். "கேர்ள், யூ செண்ட் பிக்சர், ஐ பிரிண்ட் பிக்சர்" என்றார். அவரை இன்றும் வாழ்த்துகிறேன். எட்டுப் பக்கத்தையும் அன்று மாலை படமாக மாற்றினேன். படமாக மாற்றிவிட்டால் அதற்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மாற்றுவதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை பிழை பார்த்தோம்.

பிழை பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் கையெழுத்துப் படியை உரக்கப் படிக்க, மற்றவர் தட்டச்சுப் படியில் விரல் வைத்துப் பின்தொடர்வார். விட்டுப்போன சொல்லையும் விட்டுப்போன வரியையும் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எங்களில் யாருடைய வாயிலும் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு இருந்ததில்லை. முன்னுரையில் நான் எழுதியிருந்த வரி இது: "ஐயாவின் இரக்கத்தை நாங்கள் என்றும் மறவோம்." அவசரத்தில் தட்டச்சு செய்தவளும் நானே. தோழி படித்தாள், என் விரல் பின்தொடர்ந்தது, காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது. முந்நூறு படிகளிலும் ஐயாவின் இறக்கத்தை நாங்கள் என்றும் மறவோம் என்று அச்சாகி வந்தது.

நான் அதைப் பார்த்தது விழா நடந்த அன்று காலையில். அதற்குள் படிகள் பாதி கைமாறிவிட்டன. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாமா என்று உண்மையாகவே எண்ணினேன். ஒருவேளை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றும் எண்ணினேன். விழா முடிந்து எல்லாரும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஐயா ஒரு மூலையில் நின்று முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தார், ஒரு வட்டம் போட்டார், பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். நாற்பது ஆண்டுப் பழக்கம், தம் பிரிவுபசார மலரிலும் விடவில்லை.

அவரிடம் போய், "ஐயா, அது என் பிழை" என்றேன். எழுதிப் பார்க்கவில்லை, மின்தூக்கியில் சொல்லிப் பார்க்கவில்லை.

"பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஓர் இறக்கம் இருக்கிறது அல்லவா, தினமும் அதில் நடந்து போகிறேன், அதைத்தான் மறக்கமாட்டேன் என்கிறாய் போலும் என்று நினைத்தேன்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கதை சொன்னார். 1950களில் தமிழ் முரசு நாளிதழில் மாணவர் மணிமன்றம் என்று மாணவர்களுக்கு ஒரு பகுதி இருந்தது. பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்த பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். ஐயாவும் அதற்கு ஒரு சிறு கட்டுரை அனுப்பினார். அச்சில் வந்தபோது அவர் பெயரில் இருந்த றகரம் ரகரமாகியிருந்ததாம். துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய தந்தைக்குப் படிக்கத் தெரியாது. மகன் பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று அந்தத் தாளை ஒரு மாதம் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு கண்டவர்களிடமெல்லாம் காட்டினார். பிழை என்று அவரிடம் சொல்ல ஐயாவுக்கு மனம் வரவில்லை.

"ஆனால் உன் இதழைப் படிப்பவர்களுக்குப் படிக்கத் தெரியும்" என்றார். "அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடு. யார் பிழை, ஏன் வந்தது என்றெல்லாம் எழுதாதே. எது சரி என்று மட்டும் எழுது."

அடுத்த ஆண்டின் முதல் இதழில், இரண்டாம் பக்கத்தின் அடியில், அந்த ஒரு வரியைப் போட்டேன். இடத்தை நிரப்ப மூன்று வரியாக எழுதத்தான் ஆசை. மன்னிப்பும் விளக்கமும் தயாராக இருந்தன. ஒரு வரியோடு நிறுத்தினேன். அதன் பிறகு எங்கள் பிழை பார்க்கும் முறையும் மாறியது: உரக்கப் படித்து முடித்ததும், அடிவரியை அளவுகோலால் மறைத்துக்கொண்டு, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு ஓசையில்லாமல் ஒருமுறை. பொருள் தொடராதபோதுதான் எழுத்து கண்ணில் படும்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் பெயர் அச்சில் வந்ததால் எனக்கு எந்தத் துணிச்சலும் வரவில்லை. முதல் முறை என் கட்டுரை வந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, அம்மா அதைப் பூசை அலமாரிக்குள் வைத்தார், அவ்வளவுதான். மறுநாளும் நான் தவறான பெயருக்கே பதில் சொன்னேன். முந்நூறு பேருக்கு முன்னால் பிழை செய்துவிட்டு, அது பிழை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, உலகம் அப்படியே இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஏதோ ஒன்று தளர்ந்தது. உயர்நிலை நான்கில் புதிய வகுப்பாசிரியரும் என் பெயரைத் தவறாகச் சொன்னார். நான் கையை உயர்த்தி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் "சாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அதற்காகவா நான் ஓர் ஆண்டு வீணாக்கினேன்!

எல்லாம் இப்படி நன்றாகவே முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஆண்டு சிற்றுண்டிச்சாலையில் விலை ஏறியதைப் பற்றி இரு மாணவர்கள் எழுதிய கட்டுரையைப் போட வேண்டாம் என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. துணைமுதல்வரிடம் போய்க் காரணம் கேட்டேன். கடைக்காரர்களின் பக்கத்தை நாங்கள் கேட்கவில்லை என்றார், அது உண்மை. கேட்டு எழுதித் தந்தோம். அப்போதும் அனுமதி வரவில்லை. அந்தப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுவதும் ஆறவில்லை. ஆனால் கதவைத் தட்டி உள்ளே போய்க் கேட்டது நான்தான் என்பதை நினைத்தால் வியப்பாகவும் இருக்கிறது.

கூச்சமுள்ள பிள்ளைகளை மேடையில் ஏற்றிவிட்டால் கூச்சம் போய்விடும் என்று நம் பள்ளிகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா என்று வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. சில பிள்ளைகளுக்கு அது பலிக்கவும் செய்கிறது. என்னை மூன்று முறை ஏற்றினார்கள். மூன்று முறையும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, இறங்கியதும் பழையபடி ஆனேன். மேடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதழ் வேலையில் எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். தாளைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்துப் பேசுவது அவ்வளவு கடினமாக இல்லை. சாதாரண நிலைத் தேர்வின் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முன்னால் என் குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் நடுவில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டு, நிறுத்தி, திருத்தி, மேலே போக முடிந்தது.

நான் எழுத்தாளரும் ஆகவில்லை, பத்திரிகையாளரும் ஆகவில்லை. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். சரக்கின் எடையில் ஓர் எண் மாறினால் பெட்டி துறைமுகத்தில் நின்றுவிடும். மேலதிகாரியிடம் "இது தவறு" என்றும், அதைவிட அடிக்கடி "இது என் தவறு" என்றும் சொல்ல வேண்டிய வேலை. இரண்டையும் ஒரே குரலில் சொல்ல முடிகிறது.

அண்ணன் மகளின் குழு இதழை இன்ஸ்டகிராமில் நடத்துகிறதாம். பிழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "டிலீட் பண்ணிவிட்டுத் திரும்பப் போடுவோம், அத்தை" என்றாள். வசதிதான், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆண்டுக்கு ஓர் இதழாவது தாளில் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். இந்தக் கட்டுரையைப் படிக்கத் தருவதாகச் சொன்னேன்.

ஐயா சில ஆண்டுகளுக்கு முன்பு காலமானார். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தில் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் நேரம் கிடைக்கும்போது போய், 1950களின் நுண்படச் சுருள்களை ஒவ்வொன்றாக ஓட்டி, மாணவர்களின் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டு போகிறேன். அவர் பெயரை றகரத்தில் தேடக் கூடாது, ரகரத்தில்தான் தேட வேண்டும் என்பதை எனக்கு நானே அடிக்கடி நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண் தானாகவே சரியான எழுத்தைத் தேடிப் போகிறது. 1955 வரை வந்திருக்கிறேன்.